பாலத்தில் கடைசி ஆள்

ட்ரெவிஸ்,

சூப் அடுப்பில் இருக்கிறது. நான் மைதானத்துக்குப் போகிறேன்.

இன்று ராத்திரி விருந்தில் உனக்கு விருது. முன்கூட்டிச் சொல்வது நம் மத்தியகாலச் சண்டை விளையாட்டுக் குழுவில் வழக்கமில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். விருதுப் பட்டய வாசகம் எழுதுகிறவள் நான்தானே. குழுவில் இந்த வருஷம் ராஜாவாக இருக்கும் கோரி நேற்றே சொன்னான்: "பாலத்துல கடைசி ஆளா தனியா நின்னு விழுந்தான்னு போடு மார்னி. கேக்க நல்லாருக்கும்." பாலத்தைப் பிடிக்கும் சண்டையே இன்று மதியம்தான். உன்னை அங்கே தனியாக விடப்போகிறார்கள்.

"பேனா பிடிக்கிறவளுக்கு அடியப் பத்தி என்ன தெரியும்" என்று நேற்று ராத்திரி சிரித்தாய். போன மாதம் சண்டையில் தடியால் தலையில் பட்ட அடி இன்னும் ஆறவில்லை. இன்னொன்று பட்டால் மூளை வீங்கும். அது எனக்குத் தெரியும்.

உன் தலைக்கவசம் என் காரில் இருக்கிறது. கோபப்படு, ஆனால் வீட்டிலேயே இரு.

மார்னி

பி.கு: பட்டயத்தில் "நின்று" வரைக்கும்தான் எழுதியிருக்கிறேன். "விழுந்தான்" எழுதவில்லை.

இன்னொன்று: காலையில் கோரி போன் செய்தான். உன்னிடம் தலைக்கவசம் இல்லை என்றேன், உடனே உன் தலை அளவைக் கேட்டான். நான் சொல்லவில்லை. வேறு கவசத்தோடு வருவான். மணி அடித்தால் கதவைத் திறக்காதே.