பஞ்சரை உட்காரவைத்த சனிக்கிழமை

காலையில் பழைய யூனிஃபார்ம் பேண்ட்டைத் துவைக்கப் போடுமுன் பைக்குள் கையை விட்டேன். விரல் நுனியில் ரஸ்க் தூள். எறும்பு தின்றது போக மீதி. முகர்ந்து பார்த்தேன், ஏலக்காய் வாசனை இன்னும் லேசாக இருந்தது. வாசலில் நின்ற என் மனைவி, "துணிய ஊறப்போடச் சொன்னா மோந்து பாத்துக்கினு கீறாரு. நாய்கூடச் சேந்து நாயாவே ஆயிட்டாரு" என்றாள். நீ இருந்திருந்தால் மாடியிலிருந்தே சிரித்திருப்பாய். மாடி ரூமில் இப்போது வேறு ஆட்கள். அதனால் நானே சிரித்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு வேலைக்கு வந்து, எங்களுக்கு மேல் ரூமில் குடியேறிய புதிது. பஞ்சர் கடை டயர்களுக்கு நடுவே கிடந்த நாய்க்குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாய். பெயருக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, பஞ்சர் என்றே ஆகிவிட்டது.

அந்த வீட்டில் கீழும் மேலுமாக இருந்த நாம் எல்லோரும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு ஷிப்டு. எவனுடைய பஸ் வந்தாலும் டிரைவர் ஹாரன் அடிப்பார், பஞ்சர் ரோட்டைத் தாண்டிப் பாயும், இறங்குகிறவன் பையிலிருந்து ரஸ்க் எடுத்துக் கொடுப்பான். "நம்ம நாய்க்கு எல்லா கம்பெனி டைமிங்கும் அத்துப்படி, அடுத்த மாசம் ஐடி கார்டு வாங்கிக் குடுக்கப் போறோம்" என்று டீக்கடையில் தம்பட்டம் அடித்தது நான்தான்.

அந்தப் பெருமை முட்டையில் போய் முடிந்தது. ஹவுஸ் ஓனர் அம்மாவின் தம்பி மொபெட்டில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, பஞ்சர் குறுக்கே பாய்ந்தது, அவர் பிரேக் போட்டார். தெருவே ஆம்லெட். முழங்கால் கிழிந்து ரத்தத்தோடு அவர் எழுந்தபோது, பின்னால் கார்களை ஏற்றிவந்த டிரெய்லர் ஒன்று பிரேக் கதறக் கதற நின்றிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குக்கூட வேடிக்கை பேச வரவில்லை.

ஓனர் அம்மா மாடிப்படியின் கீழே நின்று உன்னைக் கூப்பிட்டார். "இன்னாபா, நாளிக்கு ஒருத்தன் உயிரு பூட்ச்சினா யாரு பதில் சொல்றது? சனிக்கெழம கேட்டைத் தொறந்து வுடுவேன். பஸ்ஸு வர்றப்போ உன் நாயி வெளிய போச்சினா, என் தம்பி கோணியில கட்டி ஒரகடம் லாரி ஸ்டாண்டாண்ட உட்டுட்டு வந்துருவான்."

அந்த லாரி ஸ்டாண்டில் விடப்பட்ட நாய்களின் கதி உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்கு நீ பஞ்சரை அடிப்பாய் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "ஹாரன் அடிச்சா ஓடி வான்னு நாமதான சொல்லிக் குடுத்தோம், அண்ணாச்சி. சொன்னத ஒழுங்கா கேட்டதுக்கு அடிக்க முடியுமா?" என்றாய். பிறகு எல்லா ரூமுக்கும் போய்ச் சட்டம் போட்டாய். இனி கேட்டில் யாரும் ரஸ்க் கொடுக்கக் கூடாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் சூப்பர்வைசர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போக வேண்டும். அது உட்கார்ந்தால், அதுவும் அசையாமல் உட்கார்ந்தால், உட்காரச் சொன்னவன் திரும்பி வந்து தலையைத் தொட்டு "ஆச்சு" என்ற பிறகுதான் ரஸ்க்.

எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டு போனார்கள். என் முகத்துக்குத்தான் அந்த உத்தியோகம் பொருந்தவில்லை. பஞ்சர் என்னைப் பார்த்து வாலை ஆட்டும், எனக்குப் பல் தெரிந்துவிடும். "இந்த ஆளயே என்னால ஒரு எடத்துல குந்த வெக்க முடியல, இவரு நாயைக் குந்த வெக்கப் போறாராம்" என்று என் மனைவி ரூம் ரூமாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை, முதல் ஷிப்டு முடிந்து உன் பஸ் வரும் நேரம். ஓனர் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் முழங்காலில் கட்டோடு தம்பி, மடியில் மடித்த கோணி. பஞ்சரின் கயிற்றை அவிழ்த்துக் கேட்டைத் திறந்தது நான். பேசாமல் சுவரோரம் நிற்பதுதான் எனக்கு நீ கொடுத்த வேலை. வாழ்க்கையில் அவ்வளவு கடினமான வேலையை நான் பார்த்ததில்லை.

ஹாரன் அடித்தது. பஞ்சரின் காது நிமிர்ந்தது, உடம்பெல்லாம் உதறியது. உட்கார்ந்தது. எதிர்ப்பக்கம் நீ இறங்கினாய். நடுவில் ஒரு கன்டெய்னர் போய் உன்னை மறைத்தது. பஞ்சரின் பின்பக்கம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. லாரி போனதும் நீ ரோட்டைக் கடந்தாய், கேட்டுக்குள் வந்தாய், அதைப் பார்க்காமலே தாண்டிப் போய்ப் படியில் கால் வைத்தாய். அதன் தலை மட்டும் உன் பின்னாலேயே திரும்பியது. மெல்ல முனகியது.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத வேறொரு கம்பெனி பஸ் வந்து நின்று நீளமாக ஹாரன் அடித்தது. பஞ்சர் எழுந்துவிட்டது. முன்னங்கால் கேட் ஓடும் தரைக்கம்பி மேல். தம்பி கோணியை உதறிப் பிரித்தார். நீ திரும்பவில்லை. படியைப் பார்த்தபடியே, சாதாரணக் குரலில், "பஞ்சர், இரு" என்றாய்.

அது பஸ்ஸைப் பார்த்தது. உன் முதுகைப் பார்த்தது. காலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"வெளிய கால் வெச்சிச்சி, நான் பாத்தேன்" என்றார் தம்பி.

"கம்பி மேலதான் வெச்சிது, தாண்டலயே? கண்ணு கீதுல்ல உனுக்கு? மடிச்சி வையி அந்தக் கோணிய" என்றார் ஓனர் அம்மா.

சந்தோஷத்தில் நான் மாடிக்கு ஓடி வந்தேன். நீ அதற்குள் மேலேறி, கதவுக்குப் பின்னால் நெற்றியைப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றிருந்தாய். கண்ணெல்லாம் நீர். "அது மொகத்தப் பாத்தியளா அண்ணாச்சி? யாரோ எவனோ மாதிரி தாண்டிப் போயிட்டேனே. அது என்னத்த நெனச்சிருக்கும்?" என்றாய். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய் அதன் தலையைத் தொட்டாய். "ஆச்சுலே, ஆச்சு."

பஞ்சருக்கு இப்போது வயதாகிவிட்டது. ஹாரன் கேட்டால் என் கட்டிலுக்கு அடியிலேயே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்த அன்று, நான் உள்ளே நுழைந்ததுமே நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். வலியாக இருக்கும் என்றார் நர்ஸ். அவருக்கு உன்னைத் தெரியாது. நீ அப்படித் திரும்பினால் உள்ளே என்ன நடக்கும் என்று மாடி ரூமில் பார்த்தவன் நான். ஒரு வேடிக்கையும் பேசாமல், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல், பக்கத்தில் இருந்த ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தேன். என் மனைவி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே அனுப்பும் வரை நீ திரும்பவில்லை. அந்தக் கட்டிலை விட்டு நீ பிறகு உயிரோடு எழவேயில்லை.

இன்னும் அந்த ஸ்டூலில்தான் இருக்கிறேனப்பா. தலையைத் தொட்டு "ஆச்சு" சொல்ல யாரும் வரவில்லை.