ஒரு மார்க் கூட ஏறவில்லையாம்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதை இனி நான் நம்புவதாக இல்லை. மூன்று நாளாக என் போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் வீட்டுக்காரர் எல்லாம் சொல்லிவிட்டார். உங்கள் பைண்டிங் கடையில் பசை தேடிப் பழைய டப்பாவைத் திறந்தால், உள்ளே நீ போடாமல் ஒளித்த மாத்திரைகளாம். மூன்று வாரத்து மாத்திரை! கேட்டதற்கு, "போன வருஷம் குழாயில ஊதினப்பவும் அறுபத்தெட்டு, இப்பவும் அறுபத்தெட்டு. ஒரு மார்க் கூட ஏறல. அப்புறம் எதுக்கு வயித்தைக் கெடுத்துக்கணும்?" என்றாயாம். அடியே, நுரையீரல் பரிசோதனை என்ன பள்ளிக்கூடப் பரீட்சையா? ரிப்போர்ட்டில் 'மாற்றம் இல்லை' என்று இருந்ததும் நீயே டாக்டராகிவிட்டாய்.

அவர் பாவம், அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடியிருக்கிறார். அந்தம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். உன் தோலை இறுக்குகிற நோய்தான் நுரையீரலையும் இறுக்குகிறதாம். விழுந்த தழும்பு போகாது, மேலும் விழாமல் பிடித்து நிறுத்தத்தான் மாத்திரையாம். "அறுபத்தெட்டு அப்படியே நிக்குதே, அதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்றாராம். நீ ஒழுங்காகச் சாப்பிடுவதாகப் பொய் சொல்லியிருக்கிறாய். அதை நம்பி, அடுத்த முறை எண் குறைந்தால் மருந்து கேட்கவில்லை என்று இதைவிடக் கடுமையானதற்கு மாற்றியிருப்பாராம்.

வயிறு கலக்கினால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? அளவைக் குறைத்துப் பார்க்கலாம், வேறு மருந்தும் இருக்கிறதாம். ஊரெல்லாம் வாயாடி என்று பேர் வாங்கியவளுக்கு டாக்டர் முன்னால் மட்டும் பேச்சு வராதா? ரத்தப் பரிசோதனைக்கும் டிமிக்கி கொடுத்திருக்கிறாய். காகிதம் மடிக்க விரல் வளையவில்லை என்று என்னிடம் அழுதாயே, அப்போதாவது இதைச் சொன்னாயா?

கோபம் கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாய் என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குத் தையல் ஓடவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை டாக்டரம்மா வரச் சொல்லியிருக்கிறார். போய் உண்மையைச் சொல். திட்டினால் வாங்கிக்கொள். உனக்கு முன்னால் பிறந்தவள் நான். அந்த வரிசையை மட்டும் கெடுத்துவிடாதேடி.

நீ நெடுநாள் இருக்க வேண்டும் என்று கேட்கும்,
உன் அக்கா