பெருத்தால் பிரிக்க விட்ட தோல்

24 ஆகஸ்ட் 2024, சனி

டென்மார்க்கில் எங்கள் ஊரான ஹோர்சன்ஸ் முழுக்க ஒரு செய்தி பரவவேண்டுமென்றால் சுஜீதாவைக் கூப்பிட்டு, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றால் போதும். இன்று அப்படித்தான் சொன்னேன்: பழங்காலத் துவக்குச் சுடுகிற சங்கத்தில் சேரப்போகிறேன். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை இடித்து இறக்கிச் சுடுகிற துவக்கு. முதியோர் இல்லத்தில் தினமும் வாய்வழி மருந்து கொடுக்கிறவளுக்கு இது புதிதா என்ன?

இவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "துவக்குக்குப் பயந்துதானே, தங்கமலர், இஞ்ச ஓடி வந்தனாங்கள்."

"இது ஒருக்காச் சுட்டு, அடுத்ததுக்கு நிரப்ப நல்ல நேரம் எடுக்குமப்பா. ஆறுதலா ஓடலாம்."

சிரிக்கவில்லை. என் மனுசன் பாலேந்திரா சிரித்தால் அதற்கும் வரி கட்டவேண்டும்போல.

26 ஆகஸ்ட், திங்கள்

இல்லத்தில் கதவு, குழாய் திருத்துகிற பீற்றர்தான் சங்கத் தலைவர். இன்று விதியைச் சொன்னார். துவக்கைச் சங்கம் இரவல் தரும். குண்டு, அதைச் சுற்றுகிற துணித்துண்டு, தீப்பற்றவைக்கும் செப்புக் குமிழ் எல்லாம் போட்டுத் தோளில் மாட்டும் தோல்பையை மட்டும் அவரவர் கையாலே தைக்க வேண்டும். செப்டம்பர் போட்டிக்கு அந்தப் பையோடு வந்து, ஒரு தடவையாவது குறிப் பலகையில் அடித்தால்தான் உறுப்பினர். தவறினால் அடுத்த வருடம்.

அதுவரை சுஜீதாவின் முகத்தில் எப்படி முழிப்பது?

பை தைப்பது ஒரு வேலையா? இந்த ஊர்த் தமிழ்ப் பெண்கள் பாதிப் பேரின் பிளவுஸ் அளவு என் தலைக்குள் இருக்கிறது.

8 செப்டம்பர், ஞாயிறு

தோலில் ஊசி இறங்காது. குத்தூசியைச் சுத்தியலால் அடித்து முதலில் துளை, பிறகுதான் நூல். விரல் முழுக்கப் பிளாஸ்டர்.

9 செப்டம்பர்

ஐயோ.

10 செப்டம்பர், செவ்வாய்

இப்போதுதான் எழுத மனம் வந்தது. பழக்கதோஷம் – பிளவுஸுக்கு வெட்டுகிற மாதிரியே சுற்றிவர மூன்று விரல் கூட விட்டிருக்கிறேன். பெருத்தால் பிரித்துவிடலாம் என்று! பை எங்கே பெருக்கும்? பெருக்கிறது நான்தானே? துணியென்றால் உள்ளே மடியும், இது மடியாது. மேலே மடித்து விடுகிற மூடி பையை முழுக்க விழுங்கிவிட்டுக் கீழே தொங்குகிறது. வெட்டலாமென்றால் ஓரத் தையல் எல்லாம் அவிழும். வேறு தோலும் இல்லை.

"பை எங்க? பாவாடைதானே தெரியுது" என்றார் இவர். வாழ்நாளில் ஒரு பகிடி விட்டார், அதுவும் இன்றைக்கு.

21 செப்டம்பர், சனி

அந்தப் பாவாடைப் பையோடுதான் போட்டிக்குப் போனேன். பீற்றர், "ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அடுப்படியிலிருந்து நேரே வந்தீர்களா?" என்று கேட்க, எல்லாத் தாடிகளும் குலுங்கின. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு மழை. நேரே விழாமல் பக்கத்தால் வந்து அறைகிற மழை. அவர்களுடைய வடிவான சின்ன மூடிகளுக்குக் கீழே தண்ணீர் புகுந்து, துணி, குமிழ் எல்லாம் தெப்பம். சுட்டால் வெடியில்லை, வரிசையாக 'டிக்', 'டிக்'. பீற்றரின் துவக்கும் டிக்.

என் பாவாடைக்குள் எல்லாம் பொரிக்காத அப்பளம்போல் காய்ந்து கிடந்தன. நிரப்பினேன். டும்!

புகை விலகியதும் பலகையில் ஓட்டை. ஓரத்தில்தான், ஆனால் பலகையில்.

குடை பிடிக்க மட்டும் வருவேன் என்று வந்த இவர், தமிழ் தெரியாத அத்தனை பேரிடமும், "அடிச்சுப்போட்டாள், என்ர மனுசி அடிச்சுப்போட்டாள்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். குடையை எங்கேயோ விட்டுவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் சுஜீதாவின் அழைப்பு. "அக்கா, முதல் பரிசாமே?" நான் மறுக்கவில்லை. அவளுடைய செய்தியில் நான் ஏன் கைவைக்க வேண்டும்?

19 அக்டோபர், சனி

பீற்றர் எங்கள் விறாந்தையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். என்னுடையதைப்போல மூடி தொங்குகிற புதுப் பைக்கு, அளவெடுத்துக் காகிதத்தில் மாதிரி வெட்டித் தரவேண்டுமாம். தைப்பது அவர்தான், விதி விதிதான். இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்தார். விடச் சொன்னேன். பிளவுஸ் தைக்க வருகிற எல்லாரும் செய்கிற களவுதான்.

அவர் போனபிறகு அடுப்படிக்குள் சுத்தியல் சத்தம். எட்டிப் பார்த்தால் இவர் மடியில் ஒரு துண்டுத் தோல்.

"இஞ்சரும், மூடிக்கு மூண்டு விரல் காணுமோ?"

"நாலு விடுங்கோ. நீங்கள் பெருக்கிற ஆள்."