வயிரவன் காட்டிய வழி

இராமநாதபுரம்
12.4.1957

தம்பி குருநாதனுக்கு அண்ணன் செல்லச்சாமி எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கடைசிவரை படித்துவிட்டுப் பதறு.

நம் தங்கை இராமலட்சுமியை அவள் மாமனார் கூத்தையா முந்தாநாள் வண்டி கட்டிக் கொண்டுவந்து, என் மிளகாய்க் கமிஷன் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைக்கு ஆறு மாதம். கையில் ஒரு டிரங்குப் பெட்டி. பொழுதுக்கும் அழுகிறாள்.

காரணம் உன் தொடர்கதை. வெள்ளைக்காரக் கும்பினிப் படைக்குக் காட்டுவழி காட்டிக் கொடுத்தவன் என்று வயிரவனை எழுதினாயே, அது கூத்தையா வம்சத்து முன்னோர் ஒருவர் பெயர். நயினார்கோவில் பக்கம் அவர்கள் ஊர் ஐயனாருக்குத் திருவிழாக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். முதல் மரியாதைப் பரிவட்டம் எப்போதும் கூத்தையாவுக்குத்தான். எதிர்வகையறாக்காரன் ஒருவன் உன் கதை வந்த பத்திரிகையைச் சபையில் விரித்து, "காட்டிக்குடுத்த வம்சத்துக்கா பரிவட்டம்? அச்சுல வந்திருக்குய்யா, பொய்யவா அச்சடிப்பான்?" என்றிருக்கிறான். கதைக்கும் கிரயப் பத்திரத்துக்கும் அங்கே யார் வித்தியாசம் பார்க்கிறார்கள்? தலை குனிந்து வீட்டுக்கு வந்த மனுஷன், மருமகளை வண்டியில் ஏற்றிவிட்டார்.

நேற்று நான் போனேன். மாப்பிள்ளை தனுஷ்கோடி மாட்டுத் தொழுவத்தை விட்டு வெளியே வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். இராமலட்சுமி கல்யாணத்தில் கூத்தையா பெருமையாக எடுத்துக் கொடுத்த வம்சத்து ஓலைச்சுவடியில்தானே வயிரவன் காட்டிக்கொடுத்ததைப் படித்தாய்? பந்திக்கும் வராமல் அதன் முன்னே கிடந்துவிட்டு, "அண்ணே, இது நெசமா நடந்தது" என்றாய். அவருக்கு அந்தப் பழைய எழுத்துப் படிக்க வராது. நான் வாய் திறக்கவில்லை. நீயும் திறக்காதே.

உப்பு வாங்க அனுப்பினால் கோவில் கல்வெட்டில் கரி தேய்த்துக்கொண்டு நிற்கிற பயல் நீ. அந்தக் கிறுக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை; ஆனால் அதுதான் உன் உயிர் என்று தெரியும். அதனால்தான், இனி நீ சரித்திரமே எழுதக் கூடாது என்று கூத்தையா முதலில் கேட்டபோது, துண்டை உதறிக்கொண்டு எழுந்தேன். அப்புறம் இறங்கி வந்தார்.

பேசி முடித்தது இது. சித்திரை இருபது கொடியேற்றம். நீ வந்து ஐயனார் முன்னே எரிகிற சூடத்தைக் கையால் அடித்துச் சத்தியம் செய்து, வயிரவன் காட்டிக்கொடுத்தது உன் கற்பனை என்று சபையில் சொல்ல வேண்டும். அன்றைக்கே இராமலட்சுமியை அழைத்துப் போவார். அதன்பின் நீ எதை எழுதினாலும் கேட்கமாட்டார். உன்னைக் கேட்காமலே சம்மதித்துவிட்டேன். பொய்ச் சத்தியத்தின் பாவம் உனக்கில்லை, எனக்கு என்று ஐயனாரிடம் தனியாகப் பேசிக்கொண்டேன்.

உன் அண்ணன்,
செல்லச்சாமி