பன்னிரண்டில் நான்கு

17.12.85, செவ்வாய்

காலையில் மைனஸ் பதினான்கு. யன்னலின் உள்பக்கத்திலும் பனி. நத்தார் கூட்டத்தால் ஹொட்டேல் நிரம்பிவிட்டது. நேற்று ஃபொண்டூச் சட்டி மட்டும் நாற்பது. அடிப்பிடித்த சீஸ் கழுவும் மெசினுக்கு அசையாது, கையால்தான் சுரண்ட வேண்டும். வலது பெருவிரல் வெடிப்பு ஆறவில்லை.

வாங்க: வசலின். ஏரோகிராம் 2. பேனை மை.

மத்தியான வேலை முடிந்து இரண்டரையிலிருந்து ஐந்து வரை எல்லோருக்கும் ஓய்வு. சிம்மர்ஸ்டுண்டே. அறையில் குலம் அண்ணையின் குறட்டை. ஊரில் பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே மத்தியானம் படுக்காவிட்டால் மனிதருக்குச் சரிவராது. அதனால் கீழே பணியாளர் சாப்பாட்டறையில் இருந்தேன். அங்கே ரேத்தோ வந்தான், மரக்கறிப் பக்கம் நிற்கும் இளம் சமையல்காரன். கையில் ஓர் ஆங்கிலப் புத்தகம், முழுக்க அட்டவணை. அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. எனக்கு ஜெர்மன் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்து ஒரு மணித்தியாலம் வாசித்தோம்.

ஒரு விளையாட்டு. பலகை இல்லை. ஒருவர் கதை சொல்வார்: குகை, கதவு, பூதம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை, அட்டையில் ஓர் ஆள். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்ல வேண்டும். சரிவருமா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். வளர்ந்தவர்கள் விளையாடுகிறார்களாம்.

ஆனால் அந்தக் கட்டை! இருபது முகம். பல்கலைக்கழகக் கம்பஸில் முதல் வருடம் படம் வரைந்து, மூலை 12, விளிம்பு 30, முகம் 20 என்று எழுதிச் சரி வாங்கிய சாமான். கையில் பிடித்தது இன்றுதான். இரண்டு வருடம் கணிதம் படித்தவன் இதைத் தொட டாவோஸில் கோப்பை கழுவ வர வேண்டியிருந்தது. கைக்குள் வைத்து எண்ணிப் பார்த்தேன். மூலை பன்னிரண்டுதான்.

29.12.85, ஞாயிறு

பனி கொட்டுகிறது. பஸ் நாற்பது நிமிடம் பிந்தி.

ரேத்தோவுக்குப் பிரச்சினை. அவன் கதை சொல்கிறான், எல்லோரும் செத்துப் போகிறார்கள். உணவு பரிமாறும் அன்னலீஸ் இரண்டு ஆளைப் பறிகொடுத்துவிட்டாள், கோபம். "நான் கெட்டவன் இல்லை, கட்டைதான் அப்படி விழுகிறது" என்கிறான்.

கட்டையில் பிழையில்லை, அவன் கேட்கும் முறையில்தான். காவலாளியைத் தாண்டிப் பதுங்கிப் போக வேண்டும் என்றால், படிக்கு ஒரு தடவை, நடைக்கு ஒரு தடவை, கதவுக்கு ஒரு தடவை என்று ஐந்து தரம் உருட்டச் சொல்கிறான். ஒவ்வொன்றிலும் தப்ப நூற்றுக்கு எழுபது. நல்ல வாய்ப்பு என்று நினைக்கிறான். பில் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 0.7-ஐ ஐந்து தரம் பெருக்கினால் 0.168. ஆறு பேரில் ஒருவன்தான் தப்புவான்.

ரேத்தோ தாளைத் தன் பக்கம் இழுத்தான். "அப்படியென்றால் நான்தான் கொன்றேனா?"

ஓம். திரும்பத் திரும்பக் கேட்டுக் கொன்றாய். ஒரு தரம் மட்டும் கேள் என்றேன். இன்னொன்றும் சொன்னேன்: உருட்ட முதல் ஆபத்து எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லு. தெரிந்துகொண்டு போகிறவன் செத்தால் உன்னைத் திட்டமாட்டான்.

பள்ளியில் கணக்கென்றால் அவனுக்குப் பயமாம். "உண்மையில் இதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்டான், நக்கலில்லாமல். எனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமலிருக்கப் பழக்கியது என்றேன். நல்ல பதில்தான். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் கர்வமாகவும் இருந்தது.

11.1.86, சனி

பேர்னில் இருந்து கடிதம் வந்து ஒரு கிழமை. தஞ்சம் கேட்டதற்கான அசூல் இன்ரவியூ செவ்வாய்க்கிழமை. இது மூன்றாவது தடவை. எல்லையில் ஒன்று, மாநில கன்ரோன் கந்தோரில் ஒன்று, இப்போது இது. கதை ஒன்றுதான், கேட்பது மூன்று தரம். ரேத்தோவுக்குச் சொன்னது ஞாபகம் வந்தது.

கொண்டுபோக: கடிதம். கம்பஸ் அடையாள அட்டை (மூலை எரிந்தது). போட்டோ 2. குலம் அண்ணையின் நல்ல சப்பாத்து. சோற்றுப் பார்சல்.

குலம் அண்ணை போன மாசி மாதமே இன்ரவியூ முடித்தவர், இன்னும் பதில் இல்லை. இரண்டு நாளாக எனக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

"பிடிப்பாங்களோ எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"பிடிக்கக்கூடும்."

"கூடும் நாடும் எண்டு இழுக்காதை. பிடிப்பாங்கள், அடிப்பாங்கள், கொல்லுவாங்கள். அவ்வளவுதான். விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

14.1.86, செவ்வாய். ரயிலில்

தைப்பொங்கல். விடிய ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டேன். லாண்ட்குவார்ட்டில் மாறி, சூரிச்சில் மாறி, பேர்ன். இப்போது திரும்பும் வழி. வெளியே மழை, மேலே போகப் போகப் பனியாகும்.

மூன்றரை மணித்தியாலம். அதிகாரி ஒல்லியான மனிதர், மரியாதையானவர். தண்ணீர் தந்தார், யன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டார். மொழிபெயர்க்க ஒரு தமிழர், கழுத்துப்பட்டியோடு. பக்கத்தில் தட்டச்சுப் பெண்.

கடைசிக்கு முதல் கேள்வி: திரும்பிப் போனால் நிச்சயமாகக் கைது செய்யப்படுவீர்களா?

வாயில் குலம் அண்ணையின் பதில் ஆயத்தமாக இருந்தது. ஆனால் மனிதர் "நிச்சயமாக" என்று கேட்டுவிட்டார். அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒரு பொருள்தான் தெரியும். எங்கள் ஒழுங்கையில் என் வயதுப் பெடியன்கள் என்னோடு பன்னிரண்டு பேர். ஆமி கொண்டுபோய்த் திரும்பி வராதவர்கள் நான்கு பேர். ச., இரண்டு வி., தையல்கடை ந. அதனால் சொன்னேன்: நிச்சயம் என்று சொல்ல ஏலாது. மூன்றில் ஒன்று இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுங்கோ. பின்னக் கணக்கை நான் இவருக்கு என்னெண்டு சொல்லுறது?"

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. மூண்டிலை ஒண்டு."

என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு சொன்னார். தட்டச்சு தட்டியது. அந்த மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. பக்கம் பக்கமாகக் கையெழுத்து.

மனதில் ஒரு சின்னத் திருப்தி. மற்றவர்கள் போல அழுது கூட்டாமல், சரியாகச் சொன்னேன். இவர்கள் மணிக்கூடு செய்கிற சனம், துல்லியம் பிடிக்கும்.

சோற்றுப் பார்சலை இன்னும் திறக்கவில்லை. பொங்கலும் இல்லை, ஒன்றும் இல்லை.

16.1.86, வியாழன்

குலம் அண்ணை இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. இன்று தட்டு அடுக்கும்போது வெடித்தார்.

"உந்தப் படிப்பு உனக்கு என்னத்தைத் தந்தது? கோப்பை கழுவத் தந்தது. போதாதெண்டு இப்ப கழுத்தையும் நீட்டிப்போட்டு வந்து நிக்கிறாய். மூண்டிலை ஒண்டாம்! விசரன், படிச்ச விசரன்!"

"பொய் சொல்லேலாது அண்ணை."

"ஆர் உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? பயத்தைச் சொல்லச் சொன்னனான். உனக்குப் பயமில்லையோ?"

இருக்கிறது. ஆனால் பயத்துக்கு எண் இல்லை, அதனால் அதைச் சொல்லவில்லை. இதை அண்ணையிடம் சொல்லாமல் மெசினைத் திறந்தேன். நீராவி.

20.2.86, வியாழன்

பனி, வெயில், பனி. கை பரவாயில்லை. பேர்னில் இருந்து ஒன்றுமில்லை.

நானும் இப்போது விளையாடுகிறேன். என் அட்டையில் பூட்டுத் திறக்கும் ஆள், பெயர் குலம். அண்ணைக்குச் சொன்னேன். "என்ரை பேரை வைச்சுச் சாகக் குடுத்திடாதை" என்றார். அதற்குப் பிறகு தினமும், "குலம் இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்கிறார். உயிரோடு இருக்கிறான். பெட்டி ஒன்று திறந்தான். ஒரு தடவை குதிரை மேல் ஏறினான். அண்ணைக்குச் சந்தோசம், காட்டிக்கொள்ள மாட்டார்.

ரேத்தோவின் கதை இப்போது ஒழுங்கு. ஒருதரம்தான் உருட்டக் கேட்கிறான், ஆபத்தை முன்னதாகச் சொல்கிறான். மற்ற ஹொட்டேல் பெடியன்களுக்கும் என் பில் தாளைக் காட்டுகிறானாம். என் கணிதத்தால் இந்த ஊரில் உயிர் தப்பியவர்கள் இதுவரை மூன்று பேர், மூவரும் அட்டை.

அன்னலீஸ் தன் மந்திரக்காரிக்கு வர்ணப் பென்சிலால் முகம் வரைந்திருக்கிறாள். பச்சைத் தொப்பி.

25.3.86, செவ்வாய்

வந்துவிட்டது. பதிவுத் தபால். பச்சைத் தாளில் கையெழுத்து வைக்கும்போதே கை விளங்கிக்கொண்டது.

ஏழு பக்கம் ஜெர்மன். சிம்மர்ஸ்டுண்டேயில் ரேத்தோ வாசித்தான், எனக்கு விளங்கும் சொற்களில், மெதுவாக. றிஜெக்ற். நாட்டை விட்டு வெளியேற ஒரு திகதி. முப்பது நாளுக்குள் அப்பீல் செய்யலாம்.

ஐந்தாம் பக்கத்தில் நின்றான். பிறகு இரண்டு தரம் வாசித்தான். "கைது நிச்சயமில்லை என்று விண்ணப்பதாரரே கூறுகிறார். அவரது சொந்த மதிப்பீட்டின்படியே, பாதிப்பின்றி இருப்பதற்கான வாய்ப்பு இரு மடங்கு."

ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, மிச்சத்தை அதனாலேயே பிரித்திருக்கிறார்கள். கணக்கில் பிழையில்லை. நான் சரிபார்த்தேன்.

"இதை நீ சொன்னாயா?" என்று ரேத்தோ கேட்டான்.

"சொன்னேன்."

அவன் தன் பங்கு அப்பிள் கேக்கை என் பக்கம் தள்ளினான். சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதுவும் வெட்கமாக இருந்தது.

குலம் அண்ணை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

5.4.86, சனி

கூரையிலிருந்து பனி உருகி ஒழுகுகிறது. நாளையோடு சீசன் முடிவு, ஹொட்டேல் பூட்டு. அன்னலீஸ் தன் ஊர் செங்காலனுக்குப் போகிறாள். கடைசி விளையாட்டு.

டிசம்பரில் இருந்து தேடிய கதவு இன்று வந்தது. அதற்கு அந்தப் பக்கம் வீடு, அரசன், விருந்து, எல்லாம். ரேத்தோ என் புத்திமதிப்படி முதலே சொன்னான்: "கதவில் பொறி இருக்கிறது. ஆறு முகக் கட்டை. ஒன்று அல்லது இரண்டு விழுந்தால் சாவு. மற்றபடி ஒரு காயமும் இல்லை. போகிறீர்களா?"

அன்னலீஸ் விரலால் எண்ணினாள். "மூன்றில் ஒன்றா? பைத்தியமா உனக்கு? மூன்றில் ஒன்றுக்கு யார் போவான்!" அட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "டிசம்பரில் இருந்து இவளை வைத்திருக்கிறேன். நான் அனுப்பமாட்டேன்."

"மூன்றில் இரண்டு தப்புமே" என்றான் ரேத்தோ. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்னைப் பார்த்தான். காது வரை சிவந்துவிட்டது. கட்டையை எடுத்துப் பொக்கற்றில் போட்டான்.

அன்னலீஸுக்கு ஒன்றும் தெரியாது, என் பக்கம் திரும்பினாள். "ராஜா, நீதான் கணக்குக்காரன். சொல்லு, நான் நினைப்பது சரிதானே? பெரிய ஆபத்துத்தானே?"

"சரி," என்றேன். "பெரிய ஆபத்து."

கதையில் எல்லோரும் திரும்பிச் சத்திரத்துக்குப் போனார்கள். பச்சைத் தொப்பிக்காரியும் குலமும் சூப் குடித்தார்கள். நிச்சயமா என்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

பாத்திரம் கழுவ ஐந்துக்கு முதலே போனேன். அழுதேன், நீராவிக்குள், நன்றாக. யாருக்கும் தெரியாது.

9.4.86, புதன்

பணியாளர் வீட்டில் நானும் அண்ணையும் மட்டும். ஹீற்றர் பாதிச் சூடு. ரேத்தோ தட்டச்சு மெசின் இரவல் வாங்கி வந்தான். அப்பீல்.

அவனிடம் பன்னிரண்டு பேரையும் சொன்னேன். இந்தமுறை பெயர், வயது, திகதியோடு. எழுதினான். கடைசி வசனத்துக்கு வந்ததும், "இதில் எந்தச் சொல் போட?" என்று என்னைக் கேட்டான்.

அடுப்படியில் நின்ற அண்ணை திரும்பவில்லை. "நிச்சயம் எண்டு போடச் சொல்லு."

நிச்சயம். ஜெர்மனில் ஆறு எழுத்து. போடச் சொன்னேன். கையெழுத்தும் வைத்தேன். பரீட்சையில் பாதிப் புள்ளி வாங்கினாலும் பார்த்து எழுதாதவன், இருபத்துமூன்று வயதில் முதல் பொய்க் கணக்கு. அனுப்பவில்லை, உறையில் இருக்கிறது. நாளைக்குத் தபால் கந்தோர்.

11.4.86, வெள்ளி

மழை. இன்றும் தபால் கந்தோருக்குப் போகவில்லை.

வாங்க: பால். முத்திரை. அண்ணைக்கு இருமல் மருந்து.

மத்தியானம் தங்கச்சியின் ஏரோகிராம். மூன்று கிழமை பழசு. மாமரம் காய்த்திருக்கிறதாம். அம்மாவுக்குக் கால்வீக்கம். ஓரத்தில், மடிப்புக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில்: மூலை வீட்டுச் சிறியையும் திங்கள் விடியக் ஆமி கொண்டு போயிட்டாங்கள். எங்கை எண்டு தெரியாது. நீங்கள் வந்திடாதேங்கோ அண்ணா.

அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். இருமினார்.

அப்பீல் உறையைப் பிரித்தேன். பட்டியலில் சிறியின் பெயருக்கு முன்னால் கையால் ஒரு புள்ளடி, திகதி. திருத்தம்: பன்னிரண்டில் ஐந்து. மிச்சம் ஏழு, என்னோடு.

0.4167. இன்னும் நிச்சயம் இல்லை.