பெரிய தெரு வழியாக ஒரு தொலைநோக்கி

எதைத் தூக்கினாலும் முன்தோள் பிடித்த என் அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் நலம் விசாரிக்கும் வழக்கம் உண்டா என்று தெரியவில்லை. நேராகச் சேதிக்கு வருகிறேன். உங்கள் மகள் தொலைநோக்கி வாங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள் வீட்டில் இப்படி ஒன்று இருக்கட்டுமே என்றுதான். நீங்கள் இருந்திருந்தால், “மானத்தப் பாத்தா மழை வருதான்னு பாக்கணும், வேற என்ன இருக்கு அங்க?” என்றிருப்பீர்கள்.

டார்ச் லைட் போலக் கையில் பிடிக்கிற சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். மதகுக்குப் பதிக்கிற குழாயின் பருமன், என் நெஞ்சு உயரம். அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கண்ணாடி. கனமெல்லாம் அந்தப் பக்கம்தான். பலமாக இடித்தால் கண்ணாடி இடம் பெயரும். விழுந்தால் அவ்வளவுதான். குழாயைத் தாங்குகிற மரப்பீடம் தனி, இரண்டையும் ஒன்றாகத் தூக்கவே கூடாது.

வண்டிக்காரர் அதைச் சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நம் தெருவுக்கு வருகிற வாய்க்கால் பாலத்தை இடித்துப் போட்டிருக்கிறார்கள். பெரிய தெருவில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டியிருக்கிறார்கள். ஆள் நடக்கலாம், வண்டி நுழையாது. பிற்பகல் நேரம், ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். போன் செய்ததும் அண்ணியும், பக்கத்து வீட்டு வசந்தாவும் ராணியும் ஓடிவந்தார்கள். அம்மா இரண்டு மூங்கிலும் கயிறும் கொண்டுவந்தார். தூசு படக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் பெட்டியில் இருந்த உங்கள் வெள்ளை வேட்டியையும் எடுத்துவந்திருந்தார்.

பீடத்தை ராணி தலையில் வைத்து வரப்பு வழியாகக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாள். குழாய்தான் மிச்சம்.

“அதையும் வரப்புலயே கொண்டு போயிடுவோம். எதுக்கு வம்பு?” என்றார் அண்ணி.

எந்த வம்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கண்மூடிய அந்த ஐப்பசியில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. நாம் குடிசை போட்டிருந்த மனை யாருக்குச் சொந்தம் என்ற தகராறு முற்றியிருந்தது. சுடுகாட்டுக்கு ஒழுங்கான வழி பெரிய தெருதான். அதன் முனையில் பண்ணை வீட்டுப் பெரியவர் கயிறு கட்டச் சொன்னார். உங்களை வயலில் இறக்கித்தான் கொண்டுபோனார்கள். நடவு முடிந்த வயல், முழங்கால் தண்ணீர். வரப்பின் மேல் இரண்டு பேர், சேற்றுக்குள் இரண்டு பேர். சேற்றுக்குள் இருந்தவர் கால் வழுக்கியதும் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீங்கள் சரிந்தீர்கள், அப்பா. ஊரில் எத்தனை பேரைக் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நீங்கள்! தெருமுனையில் பெண்களோடு நின்று அதைப் பார்த்தேன். இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

அப்புறம் மனைக்குப் பட்டா வந்தது. தெரு எல்லாருக்கும் பொது என்று உத்தரவும் வந்தது. கயிறு போய்விட்டது. வெறுங்கையோடு அந்தத் தெருவில் நாம் தாராளமாக நடக்கிறோம். ஆனால் தூக்குகிற எதுவும் இன்னும் வயல் வழிதான். யார் தடுக்கிறார்கள் என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது.

“வரப்புல நாலு பேரு சேந்து நடக்க முடியாது அண்ணி. ரெண்டு பேரு சேத்துல எறங்கணும். சாஞ்சா போச்சு. நாம பெரிய தெருவுல போறோம்,” என்றேன்.

அம்மா குழாயை வேட்டியால் சுற்றி, இரண்டு மூங்கிலுக்கும் நடுவில் வைத்துக் கட்டத் தொடங்கினார். உங்கள் முடிச்சேதான்.

கண்ணாடிப் பக்கம் பின்னால். அண்ணியும் ராணியும் பலசாலிகள், அவர்கள் அங்கே. முன்னால் வசந்தாவும் நானும். பின்னால் வருகிறவருக்குத் தரை தெரியாது, முன்தோள்காரன்தான் கண் என்பீர்களே, அதனால் நான் குரல் கொடுத்தேன். “பள்ளம்!” “பள்ளம்!” என்று பின்னால் இருந்து பதில் வரும். “மேடு!” “மேடு!” “கல்லு, வலக்கால்!” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தெருவுக்குள் நுழைந்து பத்தடி போயிருப்போம். டீக்கடைக்காரர் சட்டென்று கதவைப் பாதி இறக்கினார். சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக நின்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வெள்ளை வேட்டி, இரண்டு மூங்கில், நாலு தோள். நாலும் பெண்கள் என்பதுகூடவா அவர்கள் கண்ணில் படவில்லை?

பண்ணை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அந்தப் பெரியவர். கயிறு கட்டச் சொன்னாரே, அவரேதான். இப்போது கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“யாரும்மா?” என்றார்.

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, மூங்கில் வழியாக அது என் தோளுக்கே தெரிந்தது. சுமை தோளில் இருக்கும்போது வாயில் வழியைத் தவிர வேறு பேச்சு வரக் கூடாது என்பது உங்கள் சட்டம்தானே?

“எறக்கி வச்சிட்டுச் சொல்றேங்க ஐயா,” என்றேன். “பள்ளம்!” என்றேன் அடுத்து.

நாங்கள் தெருவின் கடைசிக்குப் போய் நம் தெருவுக்குள் திரும்பும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த மரியாதை குழாய்க்கு அல்ல. உங்களுக்குச் சேர வேண்டிய பாக்கி என்று நான் எடுத்துக்கொண்டேன். தப்பா, அப்பா? தப்பென்றாலும் திருப்பித் தருவதாக இல்லை.

வரப்பு வழியாக முன்னாலேயே வந்துவிட்ட அம்மா வீட்டு வாசலில் சாக்கை மடித்துப் போட்டுக் காத்திருந்தார். பீடத்தை முதலில் மாடிக்கு ஏற்றிச் சமமாக உட்காரவைத்தோம். படியில் மூங்கில் திரும்பாது. கயிற்றை அவிழ்த்து, கனமான பக்கத்தை அண்ணி கீழே இருந்து தாங்க, நான் மேலே இருந்து பின்னோக்கி ஏறினேன். ஒவ்வொரு படியையும் வசந்தா எண்ணிச் சொன்னாள். பீடத்தில் குழாய் உட்கார்ந்ததும் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. உடனே மூடிவிட்டேன், வெயில் இருக்கும்போது அதைத் திறந்து வைப்பது ஆபத்து. தெருவே கேட்கிறமாதிரி நாங்கள் சிரித்தோம்.

பெரியவருக்கு ராணி மூலம் சொல்லி அனுப்பினேன். ‘தவறியது யாரும் இல்லை, நிலா பார்க்கிற குழாய், நீங்களும் வந்து பார்க்கலாம்’ என்று. இன்னும் வரவில்லை. வந்தால் கைபிடித்து ஏற்றிவிடுவேன்.

பொழுது சாய்ந்ததும் மேற்கே பிறை தெரிந்தது. முதலில் அம்மாதான் பார்த்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

“நடவு வயல்ல நம்ம காலு பதிஞ்ச மாதிரி இருக்கு,” என்றார். அப்புறம் குழாயைத் தடவிக்கொண்டே, “சாயாம வந்துச்சுல்ல?” என்றார்.

“சாயலம்மா.”

“என்னையும் அந்த வழியாவே தூக்கிட்டுப் போ.”

சரி என்று சொல்லிவிட்டேன், அப்பா. அந்த நாள் எவ்வளவு தள்ளி வந்தாலும் சரி, வழி பெரிய தெருதான். அன்றைக்குத் தெருமுனையில் நிற்கமாட்டேன், முன்தோள் எனக்குத்தான். பள்ளம் மேடு எல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே, குலுங்காமல் அம்மாவை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பேன்.

இப்படிக்கு,
முன்தோளுக்கு வந்துவிட்ட உங்கள் மகள்
தமிழரசி