ஆறு பிடி, ஒரு விரிசல்

புதன்கிழமை, ராத்திரி.

இன்னிக்குக் கடையில, வீட்டுக்காரரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே ராக்கெட் குடுத்திருந்த ஒரு காலேஜ் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். சொன்னது தப்புன்னு இப்பவும் தோணல.

பேட்மின்டன் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுற பழைய மிஷின், ஃபிரேமை மேலயும் கீழயும் ரெண்டு இடத்துலதான் பிடிக்கும். புதுசு ஆறு இடத்துல பிடிக்குது. ஆறு பிடி இருந்தா ஃபிரேம் உடையவே உடையாதுன்னு இவருக்கு ஒரு நம்பிக்கை. பக்கத்துப் பிடியெல்லாம் ஃபிரேமைச் சும்மா தொட்டுக்கிட்டு நின்னா போதும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காலையில அந்தப் பொண்ணோட ராக்கெட்டை மாட்டி, ஒழுகுற குழாயை மூடுற மாதிரி திருகினார். பாதி ஸ்ட்ரிங் ஏறும்போதே படக்குனு விரிசல்.

சாயந்திரம் அந்தப் பொண்ணு ராக்கெட்டைத் திரும்ப வாங்க வந்தா. "ஃபிரேம் பழசும்மா, ஏற்கெனவே கீறல் இருந்திருக்கு"ன்னு இவர் வாய் கூசாம சொல்றார்.

"இல்லம்மா, நல்லாத்தான் இருந்துச்சு. நாங்கதான் உடைச்சோம்"னு நான் குறுக்க புகுந்தேன். உடைஞ்சதையே மிஷின்ல மாட்டி, எந்தத் திருகை எதுவரைக்கும் திருகலாம்னு காட்டினேன். காசு வாங்காம புது ராக்கெட் ஒண்ணையும் எடுத்துக் குடுத்தேன்.

வாங்கிக்கிட்டா. "தேங்க்ஸ் ஆன்ட்டி, ஆனா ஸ்ட்ரிங் வேற கடையில போட்டுக்கறேன்"னு போயிட்டா.

"பாத்தியா? இப்படி உண்மை பேசி மந்தைவெளில எவன் கடை நடத்தறான்?"னு அப்பலேர்ந்து இவர் முணுமுணுத்துக்கிட்டே இருக்கார். முணுமுணுக்கட்டும். அவ போனது எனக்கும்தான் வலிக்குது. ஆனா இனிமே அவ எந்தக் கடைக்குப் போனாலும், திருகுறவன் கையையே பாத்துக்கிட்டு நிப்பா.

நாளைக்கு இவர் மிஷின் பக்கம் போகட்டும், நானும் அப்படித்தான் நிக்கப் போறேன்.